விடுபட்ட வரி

"கேணல் செத்துப்போச்சு" என்று
மாங்குளம் சந்தியில் நின்று போனில் சொன்னேன்.
பக்கத்தில் கச்சான் வாங்கிக்கொண்டிருந்தவர்
சில்லறை எண்ணுவதை நிறுத்தினார்.
இங்கிலிஷில் இரண்டுக்கும் ஒரே உச்சரிப்பு, ஐயா,
இது கணினிக்குள் இருக்கிற கேர்னல் என்று
விளக்க வாயெடுத்தேன், விட்டுவிட்டேன்.
பதினாறு வருசமாகியும்
சில சொற்கள் இந்த வீதியில்
வெறும் சொற்களாக மாறவில்லை.

டயர்க் கடைக்கு மேலே என் அறை.
லொறி போனால் மேசை அதிரும்.
மேசையில் பிஸ்கட் பெட்டியளவில் ஓர் ஆர்ம் பலகை.
அது விழும்போது
எங்கே விழுந்தது, யார் கூப்பிட்டு அங்கே போனது,
அவரைக் கூப்பிட்டது யார் என்று
சாகிற வேகத்தில் எழுதிவைக்க வேண்டும்.
விழாமல் பார்ப்பது வேறு ஆட்களின் வேலை.
விழுந்ததைச் சொல்லவைப்பது எங்களுடையது.

வவுனியாவில், குருமன்காட்டில்,
பிரணவரூபனிடம் இருப்பது இன்டெல்.
"என்ர மெசினில எல்லாம் வருது அக்கா.
பதினொரு பேர்."
என்னுடையதில் பத்து.
அதே நிரல், அதே பிழை,
சோதிக்கவென்று நானே வைத்த பிழை.
விழுந்தவருக்கு அடுத்ததாக
அவரைக் கூப்பிட்டவரின் பெயர் வரவேண்டும்.
கூப்பிட்டவரைக் கூப்பிட்டவர் வந்து நிற்கிறார்,
இடையில் ஒருவரும் இருந்ததேயில்லை என்பதுபோல.

பட்டியல் அறுந்திருந்தால்
முதல் நாளே கண்டிருப்பேன்.
இது அறவில்லை. ஒட்டிக்கொண்டது, வழுவழுவென்று.
பத்து என்பது நல்ல முழு எண் வேறு.

மூன்றாம் நாள் குரங்குகள் வயரில் தொங்கி
கரண்ட் போனது.
யன்னலோரம் இருந்து, கடைக்காரரின் பில் புத்தகத்தின்
பின்பக்கத்தில் கீறிப் பார்த்தேன்.

இன்டெல் ஒரு வேலைக்குள் போகுமுன்
திரும்பும் முகவரியை அடுக்கில் வைத்துவிட்டுப் போகும்.
என்னுடையது கையில் கொண்டுபோகும்,
முப்பதாம் இலக்கப் பதிவகத்தில்.
உள்ளே போய் இன்னொருவரைக் கூப்பிட வேண்டிவந்தால்தான்
கையிலுள்ளதை அடுக்கில் வைக்கும்.
ஒருவரையும் கூப்பிடத் தேவையில்லாத கடைசி ஆள்
வைக்கவே மாட்டார்.
முகவரியைப் பொத்திப் பிடித்தபடி விழுவார்.

நாங்கள் அடுக்கை மட்டும் தேடியிருக்கிறோம்.

விசுவமடுவால் வெளிக்கிட்டபோது
காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றிப்
புதைத்தவர்களும் இருந்தார்கள்,
இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தவர்களும் இருந்தார்கள்.
பிறகு வந்தவர்கள்
மண்ணைத்தான் கிண்டினார்கள்.

இரவு கரண்ட் வந்தது.
கையையும் பார் என்று இரண்டு வரி சேர்த்தேன்.
பன்னிரண்டு.
ஏற்கனவே அடுக்கில் வைத்துவிட்டவர் ஒருவரை
இரண்டு தரம் எண்ணியிருக்கிறது.
இல்லாதவரைத் தேடப்போய்
இருப்பவரை இரட்டிப்பதும் பிழைதான்,
அதைக் கழிக்கத்தான் விடியப்பார்த்தது.
கையைத் திறக்குமுன் கேட்க வேண்டும்:
வைத்துவிட்டாயா, இன்னும் வைத்திருக்கிறாயா?
அந்தக் கேள்வி ஏழு வரி.

"திருத்தத்துக்கு விளக்கம் என்ன போடுறது?"
நித்திரைக் குரலில் பிரணவரூபன்.
கடைசி ஆளின் கையைப் பார்க்காமல்
கணக்கை முடிக்கக்கூடாது, என்று அடித்தேன்.
அழித்தேன்.
'அழைப்புத் தடத்தில் ஒரு வரி விடுபடுதல் திருத்தப்பட்டது.'
அவ்வளவு போதும் அவர்களுக்கு.

கீழே முதல் பஸ் ஹோன் அடித்தது.
பலகையை வேண்டுமென்றே விழுத்தினேன்.
பதினொன்று.
கூப்பிட்டவரின் பெயர் அவருடைய இடத்தில்.
படுக்கப் போகலாம்.
இன்னொரு தரம் விழுத்தினேன்.