ஆறு பேர், நானூற்று எண்பது கிலோ

ரீகாவில் பிப்ரவரி. ஆய்வகத்து இழுவை எந்திரத்தில்
எஃகுத் துண்டொன்று கழுத்து மெலிந்து
டப்பென்று அறுந்தது.
குந்தர்ஸ் மட்டும் கைதட்டினான்.
நான் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

வெப்ப இயக்கவியலில் இரண்டு முறை தோற்ற அக்னெசெ
இப்போது ஐஸ்கிரீம் ஆலையில் கம்ப்ரசர்களுக்குக் காவல்.
குந்தர்ஸ் நடுக்கடல் காற்றாலையில்
கயிற்றில் தொங்கியபடி போல்ட் முறுக்குகிறான்;
சம்பளம் எனக்கு வருவதைப்போல் மூன்று மடங்கு,
முழங்கால் ஒன்று போச்சு.

எனக்கு வாய்த்தது லிஃப்ட்.
ஒன்பது மாடிக் குடியிருப்புகள், எண்ணெய்ப் பிசுக்கு, டார்ச்.
சுமையைப்போல் பன்னிரண்டு மடங்கு தாங்க வேண்டும் வடம்.
அதில் ஒன்றுதான் கணக்கு.
மீதிப் பதினொன்றும் எங்களுக்குத் தெரியாதவற்றுக்கு:
துரு,
ஏழாம் மாடிக்காரரின் பியானோ,
குடித்துவிட்டு உள்ளே குதிக்கும் கல்யாணக் கூட்டம்,
பரீட்சையில் நான் பார்த்தெழுதிய
அந்த மூன்றாம் கேள்வி.

நேற்று பூர்வ்சியெம்ஸில் ஒரு லிஃப்ட்.
போன வருஷம் நான் கையெழுத்திட்ட சான்றிதழில்
'ஆறு பேர்' என்பதற்குக் கீழே
யாரோ பென்சிலில் சேர்த்திருந்தார்கள்:
'ஒரு நாயும்.'

அழிக்க ரப்பரை எடுத்தேன்.
மனசுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன்.

தாங்கும்.