பதினைந்து மெகாபைட்

சூரிச்சில் நள்ளிரவு என்றால்
திபிலீசியில் எனக்கு விடிகாலை மூன்று.
கோப்பு பதினைந்து மெகாபைட்டுக்குள் இருக்கவேண்டுமாம்.
என்னுடையது பதினேழு.

கண்ணாடி அருங்காட்சியகத்தை எடுத்துவிட்டேன்.
பரிசு வாங்கியதுதான்.
யாரும் அதற்குள் தும்மியதில்லை.

வைத்துக்கொண்டது பத்ரியின் பால்கனி:
தண்டவாளத் துண்டுகளை வெல்டிங் செய்து
ஏழாம் மாடிச் சுவருக்கு வெளியே
அவரே நீட்டிக்கொண்ட அறை.
அளவெடுக்கப் போன அன்று
கதவை அரைவாசி திறந்து "நகராட்சியா?" என்றார்.
இல்லை என்றதும்
டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.
மூன்று மீட்டர் பத்து.
மகன் கல்யாணத்துக்காக இழுத்தது.
எலிசோ வந்தாள், போனாள்;
இப்போது ஊறுகாய் ஜாடிகளும் காற்றிறங்கிய சைக்கிளும்.
"கணக்குப்படி இது விழுந்திருக்கணும்" என்றார், பெருமையாக.
மூன்று தடவை கணக்குப் போட்டேன்.
அவர் சொன்னது சரி.

ஏன் கட்டடக்கலை? ஐந்நூறு சொற்களில்.
நூற்றுப் பதினொன்றில் நிற்கிறேன்.
வெளி, ஒளி, மானுடம் என்று எழுதியதையெல்லாம்
அடித்தாயிற்று.

முந்தாநாள் முதல்
மேல்மாடி நோதார் துளை போடுகிறான்.
என் ஜன்னலுக்கு மேல் இரும்பு நீண்டிருக்கிறது.
பலகை போட்டுவிட்டால்
பட்டப்பகலிலும் எனக்கு விளக்கு வேண்டும்.
அவனிடம் சண்டைக்குப் போக ஆசைதான்.
எந்த முகத்தோடு போவது,
பன்னிரண்டாம் பக்கத்தை வைத்துக்கொண்டு?

அந்தப் பக்கத்து முகப்பு வரைபடமோ
அனுப்புமுன்னே பொய்யாகிவிட்டது.

இரண்டு ஐம்பது.
கோப்பைத் திறந்து
நோதாரின் இரும்பையும் வரைகிறேன்,
மெல்லிய கோட்டில்,
என் வெளிச்சத்தின் குறுக்கே.