சமையலறைத் தராசு

விடிகாலை நான்கு ஐம்பது.
டிராலிபஸ் சாவிக்குக் கை நீட்டியபோது
கூண்டுக்குள் ஒரு புதுச் சத்தம்,
எண்ணெய் காணாத கீல் போல.

கஷா ஈன்றிருந்தாள்.
மூன்று.
ரோமத்தோடு, பல்லோடு, கண் திறந்தபடி.
நூற்றுப் பதினோரு நாளும் உள்ளேயே வளர்ந்து முடித்து
நேராக வேலைக்கு வந்தவை போல
நின்றன இரண்டு.
மூன்றாவது, மேல்தட்டிலிருந்து விழுந்து
மூலையில் ஈரமாய்க் கிடந்தது.

துண்டால் துடைத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
பணிமனைக்குப் போன் செய்தேன்:
இன்று வர முடியாது, குழந்தை பிறந்திருக்கிறது.
"உனக்கா?" என்றான் ஸ்வாவோமிர்.
லூப்ளினின் முதல் பஸ்
அன்று பதினோரு நிமிடம் தாமதம்.

பியரோகிக்கு மாவு நிறுக்கும் தராசில்
ஒவ்வொன்றாய் வைத்தேன்.
ஐம்பத்திரண்டு.
நாற்பத்தேழு.
முப்பத்தொன்று.

"அப்பனைப் பிரி" என்றார் மருத்துவர் ஹால்ஷ்கா,
"சாயங்காலம் இல்லை, இப்போதே.
இன்றிரவே அவளுக்கு மறுபடி சினை பிடிக்கும்."
அவசரத்தில் பிடித்தேன் டிம்மை.
பயந்தால் ரோமத்தைப் பிடித்தவன் கையிலேயே
விட்டுவிட்டுத் தப்புகிற சாதி அது.
நடைக்கூடத்துக் கூண்டில் அவன்,
என் உள்ளங்கையில் ஒரு பிடி சாம்பல்நிறம்.
அதைக் குப்பையில் போட
ஏனோ நேரமாயிற்று.

பிறகு இரவுகள்.
இரண்டு மணிக்கு ஒருமுறை அலாரம்.
வெதுவெதுப்பான ஆட்டுப்பால், ஒரு சொட்டுக் குழாய்.
துளியை உதட்டில் வை, அது நக்கட்டும்,
வாய்க்குள் செலுத்தாதே,
நுரையீரலுக்குப் பால் குடிக்கத் தெரியாது.
பெரியவை இரண்டும் காம்புக்குச் சண்டை போட்டு
ஒன்றின் காதில் ஒன்று பல் பதித்தன.
ஆகவே முறை வைத்தேன்:
இரண்டு தாயிடம்,
ஒன்று என் கம்பளிக் காலுறைக்குள், வெந்நீர்ப் புட்டியோடு.
ஓட்டுநர்களுக்கு ஷிப்ட் போடுகிறவனுக்குக் கூட
இத்தனை கணக்கு இருக்காது.

மணல் தொட்டி இருந்த இடத்தைக்
கஷா சுரண்டிக்கொண்டே இருந்தாள்.
புண் ஆறட்டும், பத்து நாள் என்றேன்.
அவளுக்கா போலிஷ் புரியும்?
வெறும் தகட்டில் புரண்டு எழுந்து
என்னைப் பார்த்தாள்.

மேல்மாடி ரெகினா அம்மையார்
பிள்ளை பெற்றவளுக்கென்று உலர் திராட்சை கொண்டுவந்தார்.
அவளுக்கு வைக்கோல்தான், அம்மா, காய்ந்த புல்.
முகம் சுண்டிப்போயிற்று அவருக்கு.
திராட்சையை ஃபெலின் கடைசி நிறுத்தத்தில்
நானே தின்றேன்.

பழைய நேர அட்டவணையின் பின்பக்கத்தில்:
திங்கள் 31.
செவ்வாய் 31.
புதன் 30.
வியாழன் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை கலினா வந்தாள்,
ஒருவாரம் விட்டு ஒருவாரம் வருகிற மகள்,
தோள்பையோடு.
ஷூவைக் கழற்றாமலே கேட்டாள்:
"அப்பா எங்கே?"
எதிரில்தான் நின்றிருந்தேன்.
"நடைக்கூடத்தில்" என்றேன் ஒரு கணம் கழித்து.
"எத்தனை நாள்?"
"குட்டிகள் பால் மறக்க எட்டு வாரம்.
அப்புறம் மருத்துவரிடம் ஒரு சின்ன ஆபரேஷன்.
அப்புறம் பார்க்கலாம்."
"அவனுக்குத் தெரியுமா?"
இரவானால் அவன் ஒருமுறை குரைப்பான், நாய்போல இல்லை.
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள்
சில நாள் பதில் சொல்வாள்,
சில நாள் சொல்ல மாட்டாள்.

முப்பது கிராம் என்றால் எவ்வளவு
என்று தெரிய வேண்டும் கலினாவுக்கு.
ஹேர்கிளிப்பை வைத்துப் பார்த்தாள். போதவில்லை.
பையிலிருந்து வளையத்தைக் கழற்றி
இந்த வீட்டுச் சாவி,
அம்மா வீட்டுச் சாவி,
இரண்டையும் கிளிப்போடு வைத்தாள்.
முப்பத்தொன்று.

"இப்போது அதை வை" என்றாள்.

காலுறையைக் கவிழ்த்தேன்.
மீசை முளைத்த ஒரு பஞ்சு
கிண்ணத்தில் சறுக்கி, விளிம்பைக் கவ்வி,
தராசின் எண்ணை நிலைக்கவே விடவில்லை.
முப்பத்திரண்டு. முப்பத்தைந்து. முப்பத்திரண்டு.

"அசையாதே" என்றோம் இருவரும்.

கீழே தெருவில்
கம்பியைத் தொட்டு நீலமாய்ப் பொறிந்து போனது
என்னுடையதல்லாத கடைசி பஸ்.
அலாரம் இன்னும் அடிக்கவில்லை.
கலினா பாலைச் சூடாக்கப் போனாள்.