கோட்டயத்துக்கு ஒரு லைன்

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
டாக்டர் பிள்ளை கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள்.
மூளை என்றாள்.
எனக்கு உருட்டி வைத்த ஒட்டுப்பாலாகத் தெரிந்தது.
"ரெண்டாவது ஸ்டேஜ்" என்றாள்.
முப்பத்தெட்டு வருசம் ரப்பர் ஷீட் தரம் பிரித்தவன் நான்.
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் போதும்,
நாலா ஐந்தா என்று சொல்லிவிடுவேன்.
சுகிர்தா பாயை
எந்த வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்க?

வீட்டுக்கு வருகிற நர்ஸ் அஜிதா
ஒரு தாள் தந்தாள், சொல்லும் பொருளுமாக.
பராமரிப்பாளர் என்று முதல் வரியில்.
பாலத்துக்கும் குளத்துக்கும் சர்க்கார் வைக்கிற ஆள்
என்றல்லவா நினைத்திருந்தேன்!
படிவத்தில் உறவு என்ற கட்டத்தில்
கணவர் என்று எழுதியிருந்தேன்.
பக்கத்தில் இதையும் எழுதச் சொன்னாள்.
இடம் போதவில்லை.

அலைந்து திரிதல்.
இந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை.
அவள் அலையவில்லை அஜிதா,
நைட் டூட்டிக்குப் போகிறாள்.
கைப்பையில் டிவி ரிமோட்டும் ஒரு கொய்யாப்பழமும்.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் நின்று
டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வழி கேட்டிருக்கிறாள்.
மீன்காரி கார்மல் கண்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.
ஆட்டோக்காரனிடம் சொன்னாளாம்,
"பைய ஓட்டாதேயும். லேட்டா போனா மெமோ தருவாங்க."

அந்தி மயக்கம்:
பொழுது சாயும்போது கூடும் பதற்றம்.
சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க
வடக்கேயிருந்து பஸ் பஸ்ஸாய் கன்னியாகுமரிக்கு ஆள் வருகிறது.
நான் நாலரைக்கே திரையை இழுத்துவிட்டு
வீட்டில் உள்ள லைட்டையெல்லாம் போடுகிறேன்.
கரண்டு பில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

குவைத்திலிருந்து ஒருத்தன் பேசினானாம்,
பொண்டாட்டி கருங்கலில் இருந்து வந்துசேருவதற்குள்
லைன் போயிற்றாம், அவள் அழுதாளாம்.
இன்றைக்குக் காலையில் நடந்ததாகச் சொல்கிறாள்.
"பொய்யில்ல மாமா" என்றாள் அஜிதா,
"ஓட்டைய அடைக்குது மூளை. திருத்தாதீங்க."
ஓலை வீட்டில் மழைக்கு நாங்கள் சாக்கு செருகுவோமே,
அப்படி.

நேற்று கேட்டாள்.
"நீரு ஆரு?"
ரசலையன் என்றேன். எங்கும் போய்த் தட்டவில்லை.
உன் மாப்பிள்ளை என்றேன்.
"எனக்கு இன்னும் கெட்டு ஆவல்லியே"
என்று சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

கடைசியில் வந்தது முதலில் போகும்
என்று டாக்டர் பிள்ளை சொல்லித்தான் இருந்தாள்.
பேரப்பிள்ளைகள் போனார்கள்.
மகன் ஜெபின் போனான், புது வீடு போயிற்று.
இப்போது எண்பத்திரண்டு, எங்கள் கல்யாண வருசம்.
எண்பத்தொன்றில் வந்து நிற்கிறாள்,
அந்த வருசத்தில் என்னைக் கண்டதே கிடையாது.

எண்பத்தொன்றில் எனக்கு என்ன இருந்தது?
குலசேகரத்தில் முதலாளி கடை. அதில் ஒரு கறுப்பு போன்.
தினமும் ஏழு மணிக்கு, மார்த்தாண்டம் வழியாக,
கோட்டயத்துக்கு ஒரு டிரங்க் கால்,
அன்றைய ரப்பர் விலை கேட்க.

அடுக்களைக்குப் போனேன்.
சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.
"ஹலோ, எக்ஸ்சேஞ்ச்?
கோட்டயத்துக்கு ஒரு லைன் வேணும்."

சத்தமே இல்லை.
வெட்கமாக இருந்தது, எழுபது வயதில்
சுவரோடு பேசுகிறேனே என்று.

பிறகு அந்தக் குரல்.
ஒரு சுருக்கமும் விழாதது.
"ஷீட் கடைக்காரரா? நேத்து ஏன் விளிக்கல்ல?"

"நேத்து மழ. வெட்டு இல்ல."

"லைன்ல இரும், தாறேன்."

இருந்தேன்.
கோட்டயத்தில் எடுக்க ஆள் இல்லாததால்
நானே விலை சொன்னேன், நல்ல ஏற்றம் என்றேன்.
எட்டு மணி மாத்திரையை விழுங்க வேண்டும் என்பதையும்
மலையாளத்தில் கோட்டயமே சொன்னது.
குறித்துக்கொள்வதுபோல அவள் உம் கொட்டினாள்.

"மூணு நிமிசம் ஆச்சு. நீட்டவா?"

அந்தக் காலத்தில் முதலாளிக்குப் பயந்து
வேண்டாம் என்று வைத்துவிடுவேன்.

அடுப்பில் கஞ்சி அடிப்பிடிக்கிற மணம் வந்தது.
நீட்டுங்க என்றேன்.