பதினோரு குரைப்பு

துறைமுகத்தில் எனக்கு ராத்திரி வேலை.
டிரெய்லர் மேல் ஏறி வரும் பெட்டிகளின் எண்ணை
டார்ச் அடித்துப் பார்த்து எழுதவேண்டும்:
நான்கு எழுத்து, ஆறு எண்,
அப்புறம் கட்டத்துக்குள் தனியாக ஒன்று,
முன்னால் நிற்கும் பத்தும் சரிதானா என்று பார்க்க.

காலை எட்டுக்குக் கொருக்குப்பேட்டை வந்து
ஜன்னலில் லுங்கியைக் கட்டிவிட்டுப் படுத்தால்
எதிர் பிளாக் மொட்டைமாடியில் அது ஆரம்பிக்கும்.
நான்கு. ஒரு மூச்சு. ஆறு.
விட்டது என்று புரண்டு படுக்கும்போது
கட்டத்துக்குள் ஒன்று.

நாயின் பெயர் சைலன்சர்.
சிரிக்காதீர்கள், நான் சிரிக்கும் நிலையில் இல்லை.
குட்டியாக, தேசிங்கு அண்ணனின் புல்லட்டுக்கு அடியில்
அந்தச் சூட்டோடு ஒட்டிக் கிடந்ததாம்.
அண்ணனிடம் முறையிட்டேன்.
"நாயின்னா கொலைக்கத்தான் செய்யும்,
நீ காதுல பஞ்ச வெச்சிக்கினு தூங்கு."
வைத்தேன்.
கூட்ஸ் வண்டி கேட்கவில்லை,
கூட்ஸைப் பார்த்துக் குரைப்பது மட்டும் கேட்டது.

பர்மா பஜாரில் அறுநூற்றைம்பதுக்கு ஒரு டப்பா.
"மனுசன் காதுல வுழாது சார், நாய்க்கு மட்டுந்தான்.
ரெண்டே நாள்ல வாய மூடிக்கும்."
கடையிலேயே காதில் வைத்துப் பார்த்தேன்.
கேட்கவில்லை. நல்ல சரக்குதான்.

ஜன்னல் கம்பியில் கட்டினேன். பச்சை விளக்கு.
சைலன்சர் ஒருமுறை குரைத்தது,
தலையைச் சாய்த்தது,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது.
இரண்டு நாள் செத்தவன் மாதிரி தூங்கினேன்.

மூன்றாம் நாள் கதவைத் தட்டினாள்
பக்கத்து வீட்டு யுவஸ்ரீ, ஐந்தாம் வகுப்பு.
"அங்கிள், உங்க ஊட்டாண்ட இன்னாவோ கீச்சுனு கத்திக்கினே கீது.
பொய் சொல்றன்னு அம்மா அடிக்குது."
நாற்பத்து மூன்று வயதுக் காதைக் கம்பியோரம் வைத்தேன்.
ஒன்றுமில்லை.
அவள் முகத்தில் இருந்தது.

டப்பாவைக் கழற்றி அரிசி டின் மேல் வைத்துவிட்டு
அவள் அம்மாவிடம் போய் நின்றேன்.
அதற்கு எது பதில் சொன்னாளோ, அது இங்கே வேண்டாம்.

பிறகுதான் எதிர் மாடி ஏறினேன்.
மூன்று மணி வெயில்.
தொட்டியின் நிழல் அந்தப் பக்கம் போயிருந்தது,
சங்கிலி அதுவரை எட்டவில்லை.
சைலன்சர் என்னைப் பார்த்து முழு எண்ணையும் சொன்னது.
முடிந்து மூச்சு வாங்கியபோது
"போதும்" என்றேன்,
சட்டைப்பையிலிருந்து ஒரு நெத்திலிக் கருவாடு.

மறுநாள் ஒன்பது.
சனிக்கிழமை ஏழு.
ஞாயிறு மறுபடி பதினொன்று, யாரோ பட்டம் விட்டார்கள்.
தேசிங்கு அண்ணன் முறைத்துக்கொண்டே வந்து
சங்கிலியோடு நான்கு முழம் லாரிக் கயிறு சேர்த்தார்.

மூன்று வாரத்தில் இரண்டுக்கு இறங்கிவிட்டது.
இரண்டு குரைத்துவிட்டு என் ஜன்னலைப் பார்க்கும்.
நான் லுங்கியை விலக்கி "போதும்" என்று கத்தவேண்டும்.
கத்தாவிட்டால் இன்னும் இரண்டு.
கூட்ஸுக்கு இரண்டு, காக்காய்க்கு இரண்டு,
ஒன்றுமே இல்லாததற்கு இரண்டு.
இப்போது பிளாக்கில் புகார் என்மேல்தான்:
"அந்தாளு பட்டப்பகல்ல போதும் போதும்னு கத்திக்கினு கீறான்."

நேற்று ராத்திரி கேட்டில் ஒரு டிரெய்லர்க்காரன்
ஹாரனை இரண்டு தடவை அமுக்கினான்.
"போதும்" என்றது என் வாய்.
அவன் எட்டிப் பார்த்தான்,
என்ன நினைத்தானோ, இன்ஜினையே அணைத்துவிட்டான்.
என் கை சட்டைப்பைக்குப் போய்
பாதியில் நின்றது.

பெட்டியில் டார்ச் அடித்தேன்.
நான்கு எழுத்து. ஆறு எண்.
கடைசிக் கட்டத்தைத் துரு தின்றிருந்தது.
கணக்குப் போட்டு எழுதிவிடலாம், வழி இருக்கிறது.
எழுதாமல் கொஞ்ச நேரம்
காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.