சென்றாயன் என்பது பெயர்ச்சொல்

பாலக்கோடு தக்காளி மண்டியில்
எடை போட்டவர் பெயரும் சென்றாயன்தான்.
நான் அவரைப் பார்த்ததில்லை.
கோலார் லாரி கேபினில்
டிரைவரோடு அவர் இருந்ததைப்
பார்த்தேன் என்றவனையும் பார்த்ததில்லை.
தார்ப்பாய்க் கயிறு தேடிப் போனானாம்.
கயிறு கிடைத்ததா என்று
இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அந்த வாரம் கிலோ ஒன்றரை ரூபாய்.
கூடை கூடையாய் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள்.
விலை போனது அந்தப் பெயர் மட்டும்தான்.
மாலை பஸ்ஸில் மாரண்டஅள்ளி போய்
காரிமங்கலம் சந்தையில் இறங்கியபோது
ஆள் வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டிருந்தார்,
சொல் மட்டும் வந்து சேர்ந்தது.

நான் பாலிடெக்னிக் சேர்ந்த வருஷம்
மஞ்சள் சட்டை போட்டவன் சென்றாயன்.
கேட்ச் விட்டவன் சென்றாயன்.
கூட்டாளி தோளில் கை போடுகிறவன்
‘நான் சென்றாயன் இல்லடா’
என்று சொல்லிவிட்டுத்தான் போட்டான்.
வருகைப் பதிவில் என் முறை வரும்போது
அறுபது பேரும் ஒரே மூச்சில் சிரிப்பார்கள்.
உள்ளேன் ஐயா, என்பேன்.
மூன்று வருஷம்,
உள்ளேன் ஐயா.

அதியமான்கோட்டைப் பெருமாளுக்கு
நேர்ந்துகொண்டு வைத்த பெயர்.
மூன்று கலைந்து நான்காவதாய் நின்றவன் நான்.
பெருமாளுக்குச் செய்தி எட்டியதா தெரியாது,
சனிக்கிழமை துளசி வாங்கிக்கொண்டு
அதே பெயரில்தான் நின்றிருந்தார்.

அப்பா கெசட் பாரம் வாங்கி வந்தார்.
புதுப்பெயர் சரண்குமார்.
கூட்டினால் ஐந்து வருகிறது, நல்லது என்றாராம் எண் பார்க்கிறவர்.
‘காரணம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.
ஊர் தெரியாமல் பேசுகிறதே என்று அவருக்கு.
தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டதே என்று எனக்கு.
பாரம் இன்னும் பீரோவில் கிடக்கிறது,
சேலைக்குக் கீழே, அந்துருண்டை வாசனையோடு.

அதுவரை எனக்கு அதற்கொரு சொல் இல்லை.
ஆங்கிலத்தில் ஒன்று பத்திரிகையில் படித்திருந்தேன்.
கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தால்
வேறு யாருடைய பல்செட்டையோ மாட்டிக்கொண்ட மாதிரி
வாய் மூடவில்லை.

பிறகு பர்கூர் சிப்காட்,
ஷூ கம்பெனி, இரவு ஷிப்ட்.
தை மாதப் பனியில் பஸ் ஸ்டாப்பே தெரியவில்லை.
டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு
பக்கத்தில் நின்றவன் பெயர் கேட்டான்.
சென்றாயன், என்றேன்.
எப்போதும் போல் சிரிப்புக்குக் காத்திருந்தேன்.
அவன் கிளாஸுக்குள் பார்த்தபடி
‘நானும்தான்’ என்றான்.
கழுத்து அட்டையில்
அருள்தாஸ், சோல் ஒட்டும் பிரிவு
என்று போட்டிருந்தது.

கிருஷ்ணகிரி பஸ் வந்தது.
கண்டக்டர் இரண்டு முறை விசில் ஊதிப் பார்த்தார்.
ஆடை படிந்த டீயைக்
குடித்துக்கொண்டே நின்றோம்.

போன ஆவணியில்
அந்த மண்டிக்கு ஒருமுறை போனேன்.
தராசு இருந்த இடத்தில் எலக்ட்ரானிக் மிஷின்,
சிவப்பு எண்கள்.
எங்கே போனார் என்று கேட்டேன்.
‘யாரு?’
சென்றாயன்.
கணக்குப்பிள்ளை என்னை
மேலும் கீழும் பார்த்துவிட்டு
‘அந்த மாதிரி ஆளுங்க இங்க யாரும் இல்ல’ என்றார்.
நான் கேட்டது ஆளை.
அவர் பதில் சொன்னது சொல்லுக்கு.

கேட்டுக்கு வெளியே வந்து
வண்டியைக் கிளப்பும்போது
மூட்டை தூக்குகிறவர் ஒருவர் பின்னாலேயே வந்தார்,
தலைச் சும்மாட்டை அவிழ்த்து முகம் துடைத்தபடி.
ஓசூர் பூ மார்க்கெட்டில் இருக்கிறாராம்.
சாமந்தி எடை போடுகிறாராம்.
‘அங்க போய் சென்றாயன்னு கேட்காதீங்க’ என்றார்,
‘ராஜுன்னு கேளுங்க.’