பூஜ்ஜியம் காட்டிய காலைகள்

லியபாயா நகரத்தில் டிராமுக்கு ஒரே ஒரு தடம்.
அதை ஓட்டுகிறவர்களில் நான் ஒருத்தி.
விடியுமுன் பணிமனையில் ஒரு குழாயை நீட்டுவார்கள்.
ஊத வேண்டும்.
சின்னத் திரையில் பூஜ்ஜியம் வந்தால் சாவி.
ஜூன், ஜூலை முழுக்கப் பூஜ்ஜியம்தான்.
அவ்வளவு சுத்தக்காரி நான்,
ஏட்டில்.

நாள் தள்ளிப்போனதை
இரவுப் பணியின் அலுப்பு என்று நினைத்திருந்தேன்.
ஆகஸ்ட் ஒன்பது, பணிமனைக் கழிப்பறை.
சாவியைப் பல்லில் கவ்விக்கொண்டு
இரண்டாவது கோடு எழும்பி வருவதைப் பார்த்தேன்.
சந்தோஷம் கதவைத் தட்டுவதற்குள்
கணக்கு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

எங்கள் டிராம் பின்னோக்கி ஓடாது.
கடைசி நிறுத்தத்தில் வட்டமடித்துத்தான் திரும்பும்.
நானும் வட்டமடித்தேன்.

ஜூன் இருபத்துமூன்று, யாணி இரவு.
ஆண்கள் தலையில் ஓக் இலை, பெண்கள் தலையில் காட்டுப்பூ,
விடியும்வரை அணையக்கூடாத நெருப்பு.
காஸ்பர்ஸின் சித்தப்பா வீட்டில் வடித்த பீர்.
எத்தனை குவளை?
நாலு.
எண்ணாமல் விட்டதையும் சேர்த்தே நாலு என்று வைத்துக்கொண்டேன்.
நள்ளிரவில் பெரணிப் பூவைத் தேடப்போகிறோம் என்று
காட்டுக்குள் போனோம்.
பெரணி பூக்காது. ஊருக்கே தெரியும்.
தேடப்போகிறவர்கள் எதற்குப் போகிறார்கள் என்பதும்
ஊருக்கே தெரியும்.

ஜூலை பதினெட்டு, கடற்கரையில் இசைவிழா.
டால்ஃபின் பொறித்த மாத்திரையை நகத்தால் உடைத்து
பாதியை என் உள்ளங்கையில் வைத்தாள் ஸனே.
அன்றைக்கு உனக்கு வயது இருபத்தைந்து நாள்.
(நீ என்று சொல்லக்கூட இன்னும் கூச்சமாக இருக்கிறது.)
அந்த வாரத்தில்தான் இதயம் துடிக்கத் தொடங்குமாம்.
என்னுடையது தறிகெட்டு ஓடிய இரவில்
ஓர் எள்ளளவு இதயம்
தன் முதல் தாளத்தைப் பழகிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்புறம் இருமலுக்கென்று காப்பியில் ஊற்றிய கறுப்பு மூலிகைச் சாராயம்.
அதை மருந்துக் கணக்கில் எழுதுவதா?

அந்த வாரம் முழுக்க வயிற்றில் புளியைக் கரைத்தது.
தள்ளுவண்டியோடு ஏறும் பெண்களைக் கண்ணாடியில் பார்த்தேன்.
குழந்தைகளின் கண்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி,
மூக்குக்குக் கீழே, மேலுதட்டில் அந்தப் பள்ளம் இருக்கிறதா;
பரிசோதகர் பயணச்சீட்டைப் பார்ப்பதுபோல
முகம் முகமாகப் பார்த்தேன்.
வெட்கமாக இருந்தது. நிறுத்த முடியவில்லை.

“என் அம்மா என்னைச் சுமந்தபோது புகைத்துத் தள்ளினாள்.
நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?” என்றான் காஸ்பர்ஸ்.
அவன் நன்றாக இருக்கிறானா என்று
முதன்முறையாக யோசித்தேன்.

மருத்துவமனைப் படிவத்தில்
மது: எப்போதாவது.
மற்றவை: ஒரு கோடு.
கையெழுத்துப் போட்டு, நீலக் காலுறைகளைக் கழற்றி எறிந்து
லிண்டன் மரங்கள்வரை நடந்துவிட்டேன்.
என் டிராமே என்னைக் கடந்து போனது, வேறு யாரோ ஓட்ட.
திரும்பிப் போய்
புதிதாக இரண்டு உறைகளை மாட்டிக்கொண்டேன்.

மருத்துவச்சி இங்கூனாவிடம் சொன்னேன்.
நாலை ஏழாக்கினேன்.
டால்ஃபினைச் சொன்னேன். ஸனேயின் பெயரைச் சொல்லவில்லை.
அவள் நிமிராமல் எழுதினாள்.
“கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?”
“ஆகஸ்ட் இரண்டு. ஒரே ஒரு கோப்பை.”
“அதில்லை. உணவு.”
நேற்றுக் காலை என்றேன்.
இழுப்பறையைத் திறந்து கம்பு ரொட்டி ஒரு துண்டு எடுத்துவைத்தாள்.
“ஒன்றும் ஆகாது என்று என்னால் சொல்ல முடியாது.
ஆகும் என்றும் சொல்லமாட்டேன்.
இன்றைக்கு நிறுத்தினால்
இன்றிலிருந்து அதுவும் கணக்கில் சேரும்.
மெல்லுங்கள்.”

மறுநாள் விடியுமுன் ஊதினேன்.
பூஜ்ஜியம்.
அந்த இயந்திரத்துக்கு நேற்றிரவு வரைதான் ஞாபகம்.
மிச்சத்தை நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும்,
மார்ச் வரைக்கும், அதற்கு அப்பாலும்.

பாலத்தருகே நிறுத்தத்தில்
கதவை ஒரு நொடி கூடுதலாகத் திறந்துவைத்தேன்.
யாரும் ஏறவில்லை.
குளிர்ந்த கடல் காற்று மட்டும் உள்ளே வந்தது.